ஐந்து மணி வரை பிணம்

"ஐயய்யோ...!"

சங்க ஆபீஸில் வேலை பார்க்கும் செந்தமிழின் அலறல் உப்பளத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போனது.

வரப்பில் நின்றிருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

சங்கக் கொட்டகையின் வாசலில் ஓர் உருவம் நின்றது. தலை முதல் கால் வரை வெள்ளை. புருவத்தில் வெள்ளை. இமையில் வெள்ளை. அது மெல்ல வாயைத் திறந்தது.

"தண்ணி குடுடி. நாக்கு ஒட்டுது."

"தண்ணி கேக்குது... ஐயோ, தண்ணி கேக்குது!" செந்தமிழ் நாற்காலியின் மேல் ஏறிவிட்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? நான் மலர்கொடி!"

"அதான்க்கா பயமா இருக்குது. நீங்க செத்துட்டீங்க!"

மலர்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விடிந்ததிலிருந்து உப்பு வாருகிற ஆட்களோடு பாத்தியில் நின்றதில் உடம்பெல்லாம் உப்பு. செத்ததாக ஞாபகம் இல்லை.

செந்தமிழ் நாற்காலியின் மேலிருந்தபடியே தன் போனை நீட்டினாள்.

'வருந்துகிறோம். நமது சங்க உறுப்பினரும் தலைவர் பதவி வேட்பாளருமான திருமதி மலர்கொடி ராஜவேல் இயற்கை எய்தினார். இரங்கல் தெரிவிக்க இங்கே தொடவும்.'

கீழே அவளுடைய போட்டோ. அதற்கு ஒரு மாலை.

தேர்தலுக்காக எடுத்த போட்டோ அது. சிரிப்பதா வேண்டாமா என்று கடைசி வரை முடிவு செய்யாமல் நின்றபோது கேமராக்காரன் க்ளிக் செய்துவிட்டான். வேட்பாளருக்குப் பொருந்தாத முகம் என்று அன்றைக்கு வருத்தப்பட்டாள்.

பிணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"யாருடி அனுப்பினது?"

"சங்கத்தோட வெப்சைட்டுக்கா. ஒம்போது மணிக்கு எல்லாருக்கும் மொத்தமா போயிருக்குது."

மலர்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று தேர்தல்!

கடலோர உப்பு உற்பத்தியாளர் நலச் சங்கத்தின் தலைவர் தேர்தல். மாலை ஐந்து மணி வரை வெப்சைட்டில் ஓட்டு. காசிலிங்கம் எதிர் மலர்கொடி.

காசிலிங்கம் தலைவராக இருக்கும் வரை அவருடைய பாத்திகளுக்குப் போகும் கால்வாய் மட்டும் வருடந்தோறும் தூர் வாரப்படும். கடற்பக்கத்துச் சின்ன உப்பளங்களின் கால்வாயில் சேறு மூடிக் கிடக்கும். இந்த முறையும் அவர் ஜெயித்தால் மலர்கொடியின் பாத்திகளுக்கு அடுத்த கோடையில் சொட்டுத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத உப்பளம் வெறும் கிரிக்கெட் மைதானம்!

செத்தவளுக்கு யார் ஓட்டு போடுவார்கள்?

அந்த நேரம் பார்த்து மலர்கொடியின் போன் அலறியது. கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு உறுப்பினர்.

"ஹலோ, நான் மலர்கொடி பேசறேன்..."

"அழாதீங்கம்மா. தங்கச்சியா நீங்க? குரல் அப்படியே அவங்க மாதிரியே இருக்குது."

"அண்ணே, நான் செத்துப் போகல. நான்தான் மலர்கொடி!"

"புரியுதும்மா. மனசு ஏத்துக்காது. கொஞ்சம் காபித் தண்ணி குடிச்சுட்டுப் படுங்க."

லைன் கட்!

மலர்கொடி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் உயிரோடு இருப்பதைத் தன் வாயால் சொல்லியும் எடுபடவில்லை.

'வீட்டிலும் இப்படித்தானே' என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுத்தது. அதை அடக்கிவிட்டு போலீசைக் கூப்பிட்டாள்.

* * *

எஸ்.ஐ. அர்ஷியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

சைபர் க்ரைம். சொந்த ஊர் கோட்டக்குப்பம். மரக்காணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் 'பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே' என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் கூப்பிட்டிருந்தார்கள்.

"பாடி எங்க?" என்றாள்.

"நான்தான் மேடம்," என்றாள் மலர்கொடி.

அர்ஷியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் சர்வீஸ்ல பிணமே வந்து கம்ப்ளெயின்ட் குடுக்கறது இதான் முதல் தடவை. உக்காருங்க. யார் மேல சந்தேகம்?"

"காசிலிங்கம்!" என்று முந்திக்கொண்டாள் செந்தமிழ். "எதிர்த்து நிக்கறது அவருதான் மேடம். அவரைத் தவிர யாருக்கு லாபம்?"

"இரு. மொதல்ல இந்த வெப்சைட்டைக் கட்டினவன் எங்க?"

வெப்சைட்டைக் கட்டியவன் ராஜ்கமல். குயிலாப்பாளையத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து வேலை செய்பவன். வீடியோ காலில் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் தலைகீழாக நின்று யோகா செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, உங்க சைட்டை யாராவது ஹேக் பண்ணியிருக்காங்களா?"

"சான்ஸே இல்ல மேடம். ஹேக்கர் உள்ள வர்றதுக்குள்ள சைட்டே படுத்துடும்."

"அப்ப இந்த அம்மா எப்படி செத்தாங்க?"

ராஜ்கமல் எதையோ தட்டினான். முகம் மாறியது.

"மேடம்... இவங்க பொறந்த தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒண்ணுன்னு இருக்குது."

"என்னது?" என்று எழுந்தாள் மலர்கொடி.

"நூத்தி இருபது வயசு தாண்டினா சைட் தானாவே... அது வந்து... அமரர் ஆக்கிடும்."

"யாருடா உன்ன அப்படிப் பண்ணச் சொன்னது?" அர்ஷியாவின் குரல் உயர்ந்தது.

"யாரும் சொல்லல மேடம். வயசான உறுப்பினருங்க செத்தா வீட்ல யாரும் சைட்ல வந்து சொல்றதில்ல. அதான் வயசை வெச்சு நானே..."

"நீயே கொன்னுடறே!"

"ஒரு வசதிக்காக மேடம்."

"சரி. தேதி எப்படி மாறிச்சு?"

"தேதிப் பொட்டியை அழிச்சுட்டு சேவ் பண்ணா அதுவா ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை எடுத்துக்கும். புரோக்ராம்ல ஒரு தப்பு. சின்ன 'பக்'தான்."

"சின்ன 'பக்'கா? நான் செத்துட்டேன்டா!" என்று கத்தினாள் மலர்கொடி.

"சாரி ஆன்ட்டி."

செத்துப்போனதைவிட அது சுருக்கென்று தைத்தது.

"யார் அழிச்சாங்கன்னு உன் ரெக்கார்டுல இருக்குமே?" என்றாள் அர்ஷியா.

"இருக்கும் மேடம். ஆனா டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு போன மாசம் ரெக்கார்டு எழுதறதை நிறுத்திட்டேன். இன்னிக்கு விடிஞ்சதும் இவங்க அக்கவுன்ட்ல யாரோ நுழைஞ்சிருக்காங்க. அது மட்டும்தான் தெரியுது. நுழையணும்னா இவங்க போனுக்கு வர்ற ஓ.டி.பி. வேணும். அது ரெண்டே நிமிஷம்தான் செல்லும்."

அர்ஷியா மெதுவாகத் திரும்பினாள். வேட்டை நாய்க்கு வாசனை கிடைத்துவிட்டது போல அவள் மூக்கு விடைத்தது.

"காலையில உங்க போன் எங்க இருந்துது?"

"இங்கதான் மேடம். செந்தமிழ்கிட்ட."

கொட்டகையின் மூங்கில் கம்பத்தில் பிளாஸ்டிக் பைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு பையிலும் ஒரு போன். பாத்தித் தண்ணீர் பட்டால் போன் அன்றைக்கே காலி. அதனால் அளத்தில் இறங்குகிற எவரும் போனைச் செந்தமிழிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"ஓ.டி.பி. வந்துதா?"

"வந்துதுங்க மேடம்."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலீங்க."

"நெஜமா?"

"சத்தியமா மேடம். மைக்ல மட்டும்தான் சொன்னேன்."

அர்ஷியா பக்கத்திலிருந்த உப்பு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மைக்...ல?"

செந்தமிழ் பெருமையோடு மேலே காட்டினாள். கொட்டகையின் கூரை மேல் ஒரு பெரிய குழாய் ஸ்பீக்கர்.

"மழை வந்தா ஆளுங்களை உஷார்படுத்த வாங்கினது மேடம். வீட்ல கேஸ்காரன் வந்து நிப்பான், லோடு லாரிக்காரன் வந்து நிப்பான், எல்லாரும் ஓ.டி.பி. கேப்பாங்க. இவங்க பாத்தி நடுவுல நிப்பாங்க. எத்தனை தடவைதான் நான் ஓடறது? அதான் மைக்ல சொல்லிடறேன். கேக்கறவங்க வரப்புல நிக்கறவங்ககிட்ட சொல்லுவாங்க, அவங்க அடுத்த வரப்புக்கு... போய்ச் சேந்துடும்."

"காலையில என்ன சொன்னே?"

"'மலர்கொடி அக்கா, உங்களுக்கு ஓ.டி.பி. வந்திருக்குது, எட்டு, ரெண்டு, ரெண்டு, அஞ்சு'ன்னு. நல்லா காதுல விழட்டும்னு ரெண்டு தடவை சொன்னேன்."

"கேஸ் சிலிண்டர்னு நெனச்சு நானும் கையை ஆட்டினேன் மேடம்," என்றாள் மலர்கொடி குற்றவாளி போல.

அர்ஷியா வெளியே கையை நீட்டினாள். தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வெயிலில் நின்றன.

"உப்புக்கே தார்ப்பாய் போட்டு மூடறீங்க. ஓ.டி.பி.யை மூட மாட்டீங்களா?"

* * *

காசிலிங்கத்துக்கு போன் போட்டாள் அர்ஷியா. ஸ்பீக்கரில்.

மறுமுனையில் ஒரே விசும்பல்.

"நேத்து கூட கால்வாய் விஷயமா என்னோட சண்டை போட்டுதுங்க மேடம். அந்த வாய் இனிமே பேசாதா?"

மலர்கொடியின் வாய் பேசத் திறந்தது. அர்ஷியா சட்டென்று அதைப் பொத்தினாள்.

"காலையில விடிஞ்சதும் எங்க இருந்தீங்க சார்?"

"வீட்லதான். கோழிக்குத் தீனி போட்டுட்டு இருந்தேன். ரோட்டுப் பக்கம்தானே என் வீடு. ஏன் மேடம், சாவுல ஏதாவது மர்மமா?"

"விசாரிக்கறோம்."

"நல்லா விசாரிங்க மேடம். எவனா இருந்தாலும் விடாதீங்க. அஞ்சு மணிக்கு சங்கக் கொட்டகையில இரங்கல் கூட்டம் வெச்சிருக்கேன். கையோட என் வெற்றி விழாவும். ஒரே ஷாமியானாவுல முடிச்சுடலாம்னு... நீங்களும் வாங்க, டீ உண்டு."

போனை வைத்தாள் அர்ஷியா. "அழுகை அசலா, நடிப்பா?"

மலர்கொடியின் காதில் அது விழவில்லை. அவள் வேறு எங்கோ இருந்தாள்.

இரங்கல் பக்கத்தில்!

தொடக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். விரல் கேட்கவில்லை.

'அக்கா, நீங்க திட்டாத நாள் இல்ல. இனிமே எங்களை யார் திட்டுவாங்க?'

'எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, யாரும் கேக்காமலே சோறு கொண்டாந்து குடுத்தவங்க. அப்ப ஒரு நன்றி கூட சொல்லல. இப்ப சொல்றேன்.'

'ஆர்.ஐ.பி. அக்கா. என் ஏணி உங்க வீட்லதான் இருக்குது.'

'கடல் பக்கத்து ஆளுங்களுக்காகப் பேசின ஒரே மனுஷி.'

யாரோ அவசரத்தில் கைதட்டுகிற பொம்மைப் படம் போட்டிருந்தார்கள். அதற்கு நிறைய லைக்.

அதற்குக் கீழே...

'எதிரியா இருந்தாலும் சொல்றேன். அந்தம்மா கேட்ட கால்வாய் நியாயமான கால்வாய். நான்தான் வெட்டாம விட்டுட்டேன். - காசிலிங்கம்.'

மலர்கொடி அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

ஓட்டு கேட்டு வீடு வீடாகப் போனபோது இவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அது சம்மதத்தில் ஆடிய தலையா, சீக்கிரம் கிளம்பு என்று ஆடிய தலையா என்று தெரியாமல் படுத்த நாட்கள் உண்டு. தான் கத்துவது யார் காதிலும் ஏறவில்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். ஏறித்தான் இருக்கிறது. அதைச் சொல்ல மட்டும் இவர்களுக்கு அவளுடைய சாவு தேவைப்பட்டிருக்கிறது!

விரலால் தள்ளித் தள்ளி அவள் ஒரு பெயரைத் தேடினாள்.

ராஜவேல்.

கணவரிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

உயிரோடு இருக்கிற மனைவிக்கு இரங்கல் எழுதாதது குற்றமில்லை என்று புத்தி சொன்னது. 'மலரு, இருக்கியா?' என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு சொன்னது.

"அக்கா, தார்ப்பாயைப் புடிங்க, பறக்குது!" செந்தமிழ் வெளியே ஓடினாள்.

கடலிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. உப்புக் குவியலின் தார்ப்பாய் ரோட்டுப் பக்கமாகப் படபடவென்று அடித்துக்கொண்டது.

மலர்கொடி அதையே பார்த்தாள்.

ரோட்டுப் பக்கமாக...

"மேடம்!"

"என்ன?"

"காசிலிங்கம் இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இது மதியக் காத்து. கடல்லேருந்து ரோட்டுப் பக்கம் அடிக்குது. காலையில காத்து தலைகீழ். நெலத்துலேருந்து கடலுக்குப் போகும். விடியக்காலையில இந்த ஸ்பீக்கர் எவ்வளவு கத்தினாலும் ரோட்டுப் பக்கம் ஒரு எழுத்து கேக்காது. அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடணும்னா செந்தமிழ் சைக்கிள்லதான் போவா."

"ஆமா மேடம். கால் விட்டுப் போவுது," என்றாள் செந்தமிழ் தார்ப்பாயோடு போராடியபடி.

அர்ஷியா நிமிர்ந்தாள். "ரெண்டே நிமிஷம். கேட்டவன்தான் உள்ள நுழைஞ்சிருக்கான். கேட்டது கடல் பக்கம் மட்டும். அங்க யார் இருந்தாங்க?"

"நான்... என் ஆளுங்க... எங்க போனெல்லாம் இந்தப் பையிலதான் தொங்கிச்சு."

"கையில போனோட யாராவது?"

மலர்கொடி வாயைத் திறந்தாள். மூடினாள்.

கடல் பக்கத்தில் அவர்களுடைய மோட்டார் கொட்டகை இருக்கிறது. அங்கே ஒரு மனிதர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். பாத்தியில் இறங்காதவர். போனைக் கையை விட்டு இறக்காதவர். இரங்கல் எழுதாத ஒரே ஆள்... அவள் சாகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள்!

"மேடம்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "என் புருஷன்."

* * *

மோட்டார் கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது.

மோட்டார் ஓடவில்லை.

உள்ளே ஏதோ அசைந்தது... தகர டப்பா ஒன்று உருண்டது...

"வெளிய வாங்க!" அர்ஷியா கதவைத் தட்டினாள். "போலீஸ்!"

கதவு திறந்தது. ராஜவேல் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி வந்தார். ஒரு கையில் போன். முகம் ஊற வைத்த அவல் மாதிரி இருந்தது.

மனைவியைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"மேடம், நான் கொல்லணும்னு நெனைக்கலீங்க!"

"ஏங்க...!" என்றாள் மலர்கொடி. அந்த ஒரு சொல்லில் இத்தனை வருடத்துக் குடும்பமும் நின்று நடுங்கியது. காசிலிங்கத்திடம் விலை போய்விட்டாரா? நான் ஜெயிப்பது பிடிக்கவில்லையா? வீட்டில் ஒரு தலைவர் போதும் என்று நினைத்தாரா?

"இவங்க அக்கவுன்ட்ல எதுக்கு நுழைஞ்சீங்க?" அர்ஷியாவின் கேள்வி கத்தி மாதிரி இறங்கியது.

"ஒண்ணு தேடினேன் மேடம்."

"என்ன?"

"பொறந்த தேதி."

"யாரோடது?"

"இவளோடது."



ராஜவேல் கைகளை இறக்காமலே பேசினார். "போன வருஷம் ஆசையா ஒரு புடவை எடுத்து, காலையிலயே எழுப்பி வாழ்த்து சொன்னேன் மேடம். அது எங்க அக்காவோட பொறந்த நாளு."

அர்ஷியா மலர்கொடியைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் பேசல மேடம்," என்றாள் மலர்கொடி.

"அதான் இந்த வருஷம் சரியா தெரிஞ்சுக்கலாம்னு... ஓ.டி.பி. எப்படியும் மைக்ல வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தி இது கூடத் தெரியலையான்னு கொன்னுடுவியே மலரு!"

"அதனால நீங்க முந்திக்கிட்டீங்க," என்றாள் அர்ஷியா.

"வால்வைத் திருப்பின கை மேடம், உப்புத் தண்ணி. ஸ்க்ரீனைத் தொட்டா அதுவா குதிக்குது. பொட்டி காலியாயிடுச்சு. துடைக்கறதுக்குள்ள சேவ்ங்கற பட்டனையும் அதுவே அமுக்கிடுச்சு. சரி போகுதுன்னு விட்டுட்டேன். ஒம்போது மணிக்கு மெசேஜ் வருது, இவ செத்துட்டான்னு! கையும் ஓடல, காலும் ஓடல. சைட்டுக்குள்ள போனா, 'நீங்கள் தவறுதலாக இறந்துவிட்டீர்களா?'ன்னு ஒரு பட்டன் இருந்துது. தொட்டேன்."

"அப்புறம்?"

"இறப்புச் சான்றிதழை அப்லோடு பண்ணுங்கன்னு கேக்குது மேடம்!"

அர்ஷியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மலர்கொடி ஒன்றை மட்டும் கேட்டாள்.

"தேதியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன தேதி?"

ராஜவேல் எச்சில் விழுங்கினார். "...பயத்துல மறந்துட்டேன்."

கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தும்விட்டது. ஆனால் அதன் கூடவே வேறொன்றும் வந்து, கோபத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டது. தன்னைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள நினைக்காத ஆள் என்று இத்தனை நாள் எழுதி ஒதுக்கியிருந்த மனிதர், டீசல் நாற்றத்தில், காற்றுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். அவளுடைய ஒரு தேதிக்காக! அன்பு எதற்கு இப்படி ஒரு முட்டாள் முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறது?

"கையை இறக்குங்க," என்றாள். "தோள் வலிக்கும்."

* * *

ராஜ்கமல் மறுபடியும் வீடியோவில் வந்தான். பின்னால் வெள்ளைக்காரர் இப்போது நேராக நின்றுகொண்டிருந்தார்.

"ஒரே செகண்ட் மேடம். தேதியைப் போட்டா உயிர் வந்துடும். சொல்லுங்க ஆன்ட்டி... அக்கா."

மலர்கொடி வாயைத் திறந்தாள். ராஜவேல் பக்கத்தில் வந்து காதைச் சாய்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அர்ஷியா. "இவங்க செத்துட்டாங்கல்ல, எலெக்‌ஷன்லேருந்து பேரை எடுத்துட்டியா?"

ராஜ்கமல் தலையைச் சொறிந்தான்.

"செத்தவங்க ஓட்டு போட முடியாத மாதிரி பண்ணிட்டேன் மேடம். செத்தவங்களுக்கு ஓட்டு போட முடியாத மாதிரி பண்ண மறந்துட்டேன்."

"அப்படின்னா இவங்களுக்கு ஓட்டு விழுதா?"

"அது ரகசியம் மேடம். அஞ்சு மணி வரைக்கும் யாருக்கும் தெரியாது. சைட் அட்ரஸ் கடைசில அட்மின்னு போட்டா மட்டும்தான் தெரியும்."

"பாஸ்வேர்டு?"

"அதுவும் அட்மின்தான்."

அர்ஷியா நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"இது குற்றம். யாரும் பாக்கக் கூடாது. நானும் பாக்க மாட்டேன்." வானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கடல் பக்கம் ஒரு கொக்கு போனது. "...எவ்வளவு?"

"காலையில காசிலிங்கம் சார் ரொம்ப முன்னாடி இருந்தாரு மேடம். மெசேஜ் போனப்புறம் அக்காவுக்கு ஏறிக்கிட்டே இருக்குது. இப்பக்கூட ஒண்ணு விழுந்துது. இந்தா, இன்னொண்ணு! சரி, தேதியைச் சொல்லுங்கக்கா, உயிர் குடுத்துடறேன்."

மலர்கொடி தன் கால்வாய்ப் பக்கம் திரும்பினாள்.

உயிரோடு போய் நின்றபோது வாசலிலேயே நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பியவர்கள், செத்த பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை, வெப்சைட் சொல்வதை மறுக்காமல் இருக்கிறேன், அவ்வளவுதானே... என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பொய் என்று தெரிந்தது. கால்வாயின் சேறும் கண்ணுக்குத் தெரிந்தது.

"தம்பி," என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. அஞ்சு மணிக்கு மேல உயிர் குடு."

"மலரு!" என்றார் ராஜவேல்.

"நீங்க பேசாதீங்க. கொன்னவரு நீங்க."

ராஜ்கமல் மிரண்டு அர்ஷியாவைப் பார்த்தான். அவள் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றினாள்.

"என்னை ஏன் பாக்கறே? கொலைகாரர் கெடைச்சுட்டாரு. பிணம் ஒத்துழைக்கல. நான் என்ன பண்றது?"

* * *

ஐந்து மணி.

சங்கக் கொட்டகை முன்னால் ஷாமியானா. ஒரு மூலையில் டீ. மலர்கொடி கொட்டகைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் பிறந்த தேதி ராஜ்கமலிடம் போய்ச் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. ராஜவேல் அந்தத் தேதியை ஜபம் மாதிரி உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரிலிருந்து காசிலிங்கம் இறங்கினார். வெள்ளை வேட்டி. சிவந்த கண். டிராக்டர் சக்கரம் அளவுக்கு ஒரு மலர் வளையத்தை இரண்டு பேர் பின்னால் தூக்கி வந்தார்கள்.

"ரிசல்ட்டைச் சொல்லும்மா," என்றார் செந்தமிழிடம். "அது முடிஞ்சதும் ஒரு நிமிஷம் மௌனம்."

செந்தமிழ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். விழி பிதுங்கியது.

"மலர்கொடி அக்கா... ஜெயிச்சுட்டாங்க!"

"யாரு?"

"ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல!"

கதவு திறந்தது. குளித்து, தலை வாரி, பூ வைத்து, பச்சைப் புடவையில் மலர்கொடி வெளியே வந்தாள்.

மலர் வளையம் தரையில் விழுந்து உருண்டது. தூக்கி வந்த இரண்டு பேரும் கார் வரைக்கும் ஓடினார்கள்.

"ஐ... ஐயய்யோ... நீ... நீ..."

"நல்லா இருக்கேண்ணே. வெப்சைட்ல ஏதோ கோளாறு."

காசிலிங்கம் இதயத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். டீக்கு அப்புறம்தான் குரல் திரும்பியது. குரலோடு கோபமும்.

"செல்லாது! செத்தவளுக்கு விழுந்த ஓட்டு செல்லாது!"

"செத்தது யாரு சார்?" என்றாள் அர்ஷியா. "சான்றிதழ் வெச்சிருக்கீங்களா?"

"நான் கேட்ட கால்வாய் நியாயமான கால்வாய்னு நீங்களே எழுதியிருக்கீங்கண்ணே," என்றாள் மலர்கொடி. "எல்லாரும் படிச்சுட்டாங்க. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. அழுதுட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

காசிலிங்கம் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "ஒரு ஓட்டு! ஒரே ஒரு ஓட்டு! எவன் அந்தத் துரோகி? எங்க பக்கத்து ஆளுங்க மொத்தப் பேரும் எனக்குத்தான் போட்டாங்க, கேட்டுட்டேன். என்னைத் தவிர ஒருத்தன் கூட மாத்திப் போடல..."

சட்டென்று நின்றார்.

ஷாமியானாவே நின்றது.

"சார்," என்றாள் அர்ஷியா மெல்ல. "என்னைத் தவிரன்னா?"

காசிலிங்கத்தின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

"ஒரு... ஒரு மரியாதைக்குத்தான்மா போட்டேன். எப்படியும் நான்தானே ஜெயிக்கப் போறேன், செத்துப் போன பொம்பளைக்கு ஒரு ஓட்டு போட்டா புண்ணியமா போகட்டும்னு... எண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்!"

"அதை உங்களுக்கே போட்டிருந்தா நீங்கதான் சார் தலைவர்!"

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மலர்கொடி குனிந்தாள். மண்ணில் கிடந்த அந்த மலர் வளையத்தைத் தூக்கி, தூசு தட்டி, சிரமப்பட்டுத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இந்த முறை போட்டோவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்ற சந்தேகமே அவளுக்கு வரவில்லை.

"கவலைப்படாதீங்கண்ணே," என்றாள். "அடுத்த எலெக்‌ஷன்ல நீங்க செத்துப் பாருங்க... என் ஓட்டு உங்களுக்குத்தான்!"